முத்திரை ஆண்ட நாடுகள் – 11: குடிமக்கள் கைக்கு வந்த ராஜ முத்திரை

கி.பி. 764, ஒன்பதாம் மாதம், 11ஆம் நாள். ஜப்பானின் தலைநகர் நாரா. பட்டத்தில் இருப்பவர் ஜுன்னின் பேரரசர். அவருக்கு முன் ஆண்ட கோகென் பேரரசி 758இல் பட்டம் துறந்தவர். பிறகு தலைமுடி மழித்துத் துறவறமும் பூண்டவர். ஆனால் அதிகாரத்தின் மீது அவருக்கிருந்த பிடி தளரவில்லை. ஜுன்னினை முன்னிறுத்தி ஆட்சியை நடத்திவந்தவர் முதலமைச்சர் புஜிவாரா நோ நகமாரோ. கோகெனுக்கும் நகமாரோவுக்கும் இடையே புகைந்துகொண்டிருந்த பகை அன்று வெடித்தது.

நகமாரோ படை திரட்டுகிறார் என்ற செய்தி வந்ததும் கோகென் ஜுன்னின் மாளிகைக்கு ஆளனுப்பினார். பேரரசரைச் சிறைபிடித்து வரச் சொல்லவில்லை. அங்கிருந்த முத்திரையையும் மணிகளையும் எடுத்துவரச் சொன்னார். சாலைகள் நெடுக இருந்த அரசு லாயங்களில் அந்த மணியைக் காட்டினால்தான் குதிரை தருவார்கள். முத்திரை இருந்தால்தான் ஆணை ஆணையாகும்; மணி இருந்தால்தான் அந்த ஆணை ஊர் போய்ச் சேரும். இரண்டும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்களே அரசாங்கம்.

முத்திரையோடு திரும்பிய ஆளை நகமாரோவின் மகன் வழிமறித்துப் பறித்தான். கோகென் அனுப்பிய வீரர்கள் அவனை அம்பெய்து கொன்று மீட்டார்கள். காரியம் கைமீறிவிட்டதை உணர்ந்த நகமாரோ அன்றிரவே தலைநகரை விட்டுத் தப்பினார். போகும்போது மந்திரி சபையின் முத்திரையைக் கையோடு எடுத்துச் சென்றார். வழியெங்கும் அதைக் குத்தி மாகாணங்களுக்கு ஆணை அனுப்பினார். ஆணையில் இருந்தது அசல் முத்திரை, போலி இல்லை. ஆனால் கோகென் முந்திக்கொண்டார். நகமாரோ ஓடிய திசையிலிருந்த வடகடலோர மாகாணங்களுக்கு, மந்திரி சபை முத்திரையை இனி ஏற்க வேண்டாம் என்று உத்தரவு பறந்தது. ஒரு வாரத்தில் பிவா ஏரிக்கரையில் நகமாரோ பிடிபட்டார், தலை வெட்டப்பட்டது. ஜுன்னின் அவாஜி தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். கோகென் மீண்டும் அரியணை ஏறினார்.

அசல் முத்திரை எப்படி ஒரே நாளில் செல்லாக்காசானது? இந்த அத்தியாயம் முழுவதும் நம்மோடு வரப்போகும் கேள்வி இதுதான்.

சென்ற அத்தியாயத்தில் சீனத்து ஹான் பேரரசின் முத்திரைகளைப் பார்த்தோம். அங்கிருந்துதான் ஜப்பானுக்கு முத்திரை வந்தது. ஆதாரம் 1784இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. தெற்கே க்யூஷூ தீவில், ஹகாதா விரிகுடாவின் வாயிலில் இருக்கிற ஷிகா தீவு. ஜின்பே என்ற விவசாயி வயல் வாய்க்காலைச் சீர்செய்துகொண்டிருந்தபோது கல்லுக்கடியில் ஒரு தங்கக் கட்டி பளிச்சிட்டது. பக்கத்துக்குச் சுமார் 2.3 சென்டிமீட்டர், எடை 108 கிராமுக்குச் சற்று மேல். பிடி, சுருண்ட பாம்பின் வடிவம். அடியில் ஐந்து சீன எழுத்துகள். ஃபுகுவோகாவின் அறிஞர் கமேய் நன்மேய் அதைப் பார்த்ததும் பழைய சீன நூலைப் புரட்டினார். கி.பி. 57இல் 'நா' என்ற நாட்டின் தூதருக்கு ஹான் பேரரசர் குவாங்வு முத்திரை வழங்கினார் என்று பிந்தைய ஹான் வரலாறு சொல்கிறது. அந்த முத்திரை இதுவே என்றார் நன்மேய். போலியோ என்று சந்தேகம் எழுப்பியவர்களும் உண்டு. பெரும்பாலான ஆய்வாளர்கள் அவர் சொன்னதையே ஏற்கிறார்கள். இன்று அது தேசியப் பொக்கிஷம். ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தங்கத்தில் கிடைத்ததால் மட்டும் அதற்கு இந்த மதிப்பு வரவில்லை. பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிக் குறிப்பு இன்னொரு நாட்டு நூலில் காத்திருந்தது. அதனால்தான் அந்தக் கட்டி வரலாறானது.

ஜப்பான் தனக்கென முத்திரை ஆட்சியை அமைத்துக்கொண்டது 701இல், தைஹோ சட்டத் தொகுப்பின் மூலம். பேரரசரின் முத்திரை மூன்று சுன், அதாவது சுமார் ஒன்பது சென்டிமீட்டர் சதுரம். மந்திரி சபைக்கு இரண்டரை சுன். அரசுத் துறைகளுக்கு அதற்கும் சிறியது. மாகாணங்களுக்கு இரண்டே சுன். அளவைப் பார்த்தாலே ஆணை எந்தப் படியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் அரசு வார்த்துக் கொடுத்தவை. தனியார் தாமாக முத்திரை செய்துகொள்ள அனுமதி கிடையாது. உயர்குடியினர் சிலருக்குக் குடும்ப முத்திரை அபூர்வமாக வழங்கப்பட்டது. அப்படிப் பெற்றவர்களில் ஒருவர், பின்னாளில் முத்திரையோடு ஓடிய அதே நகமாரோ.

அந்தக் காலத்து ஆவணங்கள் நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. 756இல் ஷோமு பேரரசர் இறந்தபின், அவர் பயன்படுத்திய அறுநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை கோம்யோ பேரரசி தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கையாக்கினார். அந்தப் பட்டியல் சுருளை விரித்தால் கண்ணில் படுவது சிவப்பு. பேரரசரின் முத்திரை 489 இடங்களில் வரிசை வரிசையாகக் குத்தப்பட்டு எழுத்துகளைப் போர்த்தியிருக்கிறது. இதில் ஆடம்பரம் எதுவுமில்லை, காவல்தான். எழுத்தின் மேலேயே முத்திரை படிந்துவிட்டால், ஒரு எண்ணைச் சுரண்டித் திருத்தினாலும் சிவப்பு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதத் தெரியாத சாமானியனுக்கு அன்று முத்திரை இல்லை. கடன் பத்திரத்தில் அவன் தன் விரலைக் காகிதத்தின் மேல் வைப்பான். விரல் நுனியும் கணுக்களும் வரும் இடங்களில் புள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்த அளவுதான் அவன் அடையாளம்.

பத்தாம் நூற்றாண்டு வாக்கில் மத்திய அரசின் கை தளர்ந்தது. முத்திரையும் பின்னுக்குப் போனது. அதன் இடத்தைத் தூரிகையால் வரையும் கையொப்பச் சின்னம் பிடித்தது. இதைக் 'காவோ' என்பார்கள். பெயரின் எழுத்துகளைச் சிதைத்து, பிணைத்து, பிறரால் எளிதில் போலச் செய்ய முடியாத ஓர் உருவமாக்குவது. கமகுரா ராணுவ ஆட்சியை நிறுவிய மினமோதோ நோ யோரிதோமோ, தன் பெயரின் முதல் எழுத்தில் பாதியையும் இரண்டாம் எழுத்தில் பாதியையும் சேர்த்துத் தன் சின்னத்தை அமைத்தார். சில நூற்றாண்டுகள் ஜப்பானிய அதிகாரம் இந்தத் தூரிகைக் கோடுகளில்தான் இயங்கியது. சீனாவிலிருந்து வந்த ஜென் துறவிகளும், அவர்களைப் பின்பற்றிய ஓவியர்களும் மட்டும் தனி முத்திரைப் பழக்கத்தை விடாமல் காப்பாற்றினார்கள்.

அதிகார முத்திரையை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது போர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நாடு துண்டு துண்டாகி, ஒவ்வொரு பிரபுவும் தன் எல்லைக்குள் அரசனானான். நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு ஒரே நேரத்தில் ஆணை போக வேண்டும். ஒவ்வொன்றிலும் கைப்படச் சின்னம் வரைந்துகொண்டிருக்க முடியாது. 1487இல் இமகாவா உஜிசிகா கறுப்பு மையில் முத்திரை குத்தி ஓர் ஆவணம் வெளியிட்டார்; போர்ப் பிரபுக்களின் முத்திரைகளில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அது. தகேதா குடும்பம் வட்டத்துக்குள் டிராகனை வைத்தது. ஓதா நொபுநாகா 1567 முதல், வாளால் நாட்டை ஒன்றாக்குவேன் என்ற பொருளில் நான்கு எழுத்துகளைப் பொறித்துக்கொண்டார். கிறிஸ்தவரான ஓதோமோ சோரின், பிரான்சிஸ்கோ என்ற தன் ஞானஸ்நானப் பெயரின் சுருக்கத்தை ரோமன் எழுத்துகளிலேயே வெட்டிவைத்தார். மையிலும் படிநிலை இருந்தது. சிவப்புக்கு மதிப்பு அதிகம்; கறுப்பு அதற்கு ஒரு படி கீழே.

இந்த முத்திரைகளில் ஒன்றின் அருகே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். கிழக்கே, பின்னாளில் ஓதவாராவைத் தலைநகராக்கி ஆண்ட ஹோஜோ குடும்பத்தின் புலி முத்திரை. சுமார் ஏழரை சென்டிமீட்டர் சதுரம். அதன் மேல் விளிம்பில் ஒரு புலி படுத்திருக்கும். உள்ளே இருக்கும் நான்கு எழுத்துகள் மக்களின் செல்வமும் ஆயுளும் அமைதியாக நிலைக்கட்டும் என்று வாழ்த்துவதாகக் கொள்ளலாம். 1518, பத்தாம் மாதம். இஸு தீபகற்பத்தில் கிஷோ என்ற கடலோரக் கிராமத்துக்கு ஓர் ஆணை வந்தது. மூங்கிலோ மரமோ வேண்டுமென்றால், எத்தனை என்று எழுதி, புலி முத்திரை குத்திய ஓலை வரும். சமையலுக்கு மீன் வேண்டுமென்றாலும் அப்படித்தான். புலி முத்திரை இல்லாமல் யார் வந்து எதைக் கேட்டாலும், வட்டார அதிகாரியின் கையொப்பமே இருந்தாலும், கொடுக்க வேண்டியதில்லை. மீறித் தொல்லை கொடுப்பவன் பேரை எழுதி நேரடியாக முறையிடலாம்.

அந்த மீனவக் கிராமத்தானின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அதுவரை, இடுப்பில் வாளோடு வருபவன் கேட்டதைக் கொடுப்பதே வழக்கம். இப்போது 'புலி எங்கே?' என்று திருப்பிக் கேட்க அவனுக்கு உரிமை வந்துவிட்டது. அசல் புலி எப்படியிருக்கும் என்று காட்டும் தாள் அவன் ஊரிலேயே இருக்கிறது. இடைத்தரகு அதிகாரிகளைக் கட்டுப்படுத்த ஹோஜோ பிரபுக்கள் கண்டுபிடித்த உத்திதான் இது. அவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. ஆனாலும் ஜப்பானிய வரலாற்றில் முத்திரை குடியானவனுக்குக் கேடயமான தருணம் இது என்றே நான் கருதுகிறேன். நாட்டை ஒன்றாக்கிவந்த ஹிதேயோஷியிடம் 1590இல் ஹோஜோ குடும்பம் வீழும்வரை புலி முத்திரை வழக்கில் இருந்தது.

அடுத்து ஆட்சிக்கு வந்தவர் தொகுகாவா இயேயாசு. அவருடைய சிவப்பு முத்திரை கடல் கடந்தது. 1604 முதல் 1635 வரை, சிவப்பு முத்திரை அனுமதிப் பத்திரம் பெற்ற சுமார் 350 கப்பல்கள் வியட்நாம், சயாம், கம்போடியா, லூசோன் துறைமுகங்களுக்குப் போய்வந்தன. பிறகு ஜப்பானியர் வெளிநாடு செல்லவே தடை வந்தது. கடலில் முத்திரையின் பயணம் நின்றது, ஊருக்குள் தொடங்கியது.

தொகுகாவா குடும்பம் ஷோகுன்களாக, அதாவது ராணுவ ஆட்சியாளர்களாக, ஆண்ட எதோ காலத்தின் இரண்டரை நூற்றாண்டு அமைதியில்தான் முத்திரை சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. காரணம் அரசின் கணக்கு வழக்குகள். கிறிஸ்தவர் யாரும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்ய, ஒவ்வொரு குடும்பமும் எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்று கிராமந்தோறும் பதிவேடு எழுதினார்கள். அதில் குடும்பத் தலைவர் முத்திரை குத்த வேண்டும். வரிக்கு முத்திரை, நிலத்தை ஒத்திக்கு வைக்க முத்திரை, கடனுக்கு முத்திரை. தொடக்கத்தில் முத்திரை இல்லாதவர்கள் தூரிகைக் காம்பின் அடியை மையில் தோய்த்து ஒரு சிறு வட்டம் குத்தினார்கள். சிலர் கட்டைவிரல் நகத்தைப் பதித்தார்கள். போகப்போக ஏழை விவசாயியிடமும் ஒரு மர முத்திரை வந்துவிட்டது.

முக்கியமான ஏற்பாடு இனிமேல்தான். ஊரிலுள்ள எல்லோருடைய முத்திரைப் பதிவுகளையும் ஊர்த்தலைவர் ஒரு ஏட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். முத்திரை தொலைந்தாலோ, உடைந்தாலோ, தகப்பன் இறந்து மகன் பொறுப்புக்கு வந்தாலோ, புது முத்திரையைப் பதிந்து தெரிவிக்க வேண்டும். பத்திரத்தில் தகராறு வந்தால் ஏட்டைத் திறந்து ஒப்பிடுவார்கள். போலி முத்திரை செய்பவனுக்கு, 1742இல் தொகுக்கப்பட்ட ஷோகுன் அரசின் சட்டத்தின்படி, ஊர்வலமாக இழுத்துச் சென்று தலையை வெட்டிப் பார்வைக்கு வைக்கும் தண்டனை. விவசாயிகள் இந்த முத்திரையை எதிர்ப்புக்கும் பயன்படுத்தினார்கள். கொடும் வரிக்கு எதிராகக் கிராமங்கள் ஒன்றுசேரும்போது, உடன்படிக்கையில் பெயர்களை வட்டமாக எழுதி ஒவ்வொன்றின் கீழும் முத்திரை குத்தினார்கள். விரித்த குடையைப் போலிருக்கும் அந்த வட்டத்தில் முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் பொறுப்பு, எவரும் தலைவரில்லை.

1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. ரயிலும் தந்தியும் வந்தன. ஐரோப்பியச் சட்டங்களைப் படித்தவர்கள் கையெழுத்தைக் கொண்டுவர விரும்பினார்கள். ஆனால் அரசு 1873 அக்டோபர் 1 அன்று பிறப்பித்த ஆணை, பதிவு செய்த முத்திரை இல்லாத பத்திரம் நீதிமன்றத்தில் சாட்சியாகச் செல்லாது என்றது. அந்த நாளை ஜப்பானிய முத்திரைத் தொழிலாளர்கள் இன்றும் முத்திரை நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1875இல் குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது. பெயரும் புதிது, அதை வெட்டிய முத்திரையும் புதிது என்று பல வீடுகள் ஒரே நேரத்தில் இரண்டையும் பெற்றன.

கையெழுத்தா, முத்திரையா என்ற வாதம் அதோடு ஓயவில்லை. நீதித்துறை கையெழுத்தின் பக்கம் நின்றது. நிதித்துறையும் வங்கிகளும் எதிர்த்தன. நாள் முழுக்கக் குவியும் காகிதங்களில் கைப்பட எழுதிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது என்பது அவர்கள் கட்சி. எழுதத் தெரியாதவர்களின் எண்ணிக்கையும் அன்று குறைவில்லை. கடைசியில் 1900இல் வந்த சட்டம், வணிகத்தில் கையொப்பம் தேவைப்படும் இடத்தில் பெயரை எப்படியேனும் எழுதி முத்திரை குத்தினால் போதும் என்று அனுமதித்தது. வெளிநாட்டவர் மட்டும் முத்திரைக்குப் பதில் கையெழுத்திடலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டே தனிச் சட்டம் வந்திருந்தது. ஆயிரமாண்டுப் பழக்கம் என்று பலர் எண்ணும் வழக்கத்தின் இன்றைய வடிவம், உண்மையில் இந்த முப்பதாண்டுச் சட்டப் போராட்டத்தில் உருவானது.

இருபதாம் நூற்றாண்டு ஜப்பானியரிடம் பொதுவாக மூன்று முத்திரைகள் இருந்தன. நகராட்சியில் பதிவு செய்தது ஒன்று. வீடு, நிலம், கார், பாகப்பிரிவினை ஆகியவற்றுக்கு. வங்கியில் கொடுத்து வைத்தது ஒன்று. கூரியர் வாங்கவும் அலுவலகக் கோப்பில் பார்த்தேன் என்று காட்டவும் மூன்றாவது. நகராட்சிப் பதிவுக்கு அளவு உண்டு: எட்டு மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிதாகவும், 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். ரப்பரில் செய்தது ஏற்கப்படாது. அழுத்தத்தில் அதன் வடிவம் மாறிவிடும்.

யமனாஷி மாவட்டத்தில் ரோகுகோ என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் காலுறை தைத்து ஊர் ஊராக விற்ற இடம். பிறகு அதே வியாபாரிகள் முத்திரைக்கு ஆர்டர் எடுக்கத் தொடங்கினார்கள். நாட்டின் முத்திரை உற்பத்தியில் தலையாய இடம் இன்று அதற்கே. கையால் வெட்டும் கைவினைஞர், முதலில் கட்டையின் முகத்தைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சமதளமாக்குகிறார். அதில் சிவப்பு பூசி, மெல்லிய தூரிகையால் பெயரை இடவலம் மாற்றி எழுதுகிறார். கட்டையை மரப்பிடியில் இறுக்கி, எழுத்தைச் சுற்றியுள்ள இடத்தை முதலில் ஆழமாக வெட்டி எடுக்கிறார். கடைசியில் கூர்மையான உளியால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்தையும் சீவுகிறார். ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு முத்திரைகள் ஒன்றுபோல் இராமல் செய்வது அந்தக் கடைசிச் சீவல்தான். கட்டை, சுகே என்ற மரம். அல்லது எருமைக் கொம்பு. வசதி படைத்தவர்கள் யானைத் தந்தத்தைத் தேடினார்கள். ஜப்பானுக்குள் வந்த தந்தத்தில் பெரும்பகுதி முத்திரைகளுக்கே போனது. ஆப்பிரிக்க யானைகள் இதற்குக் கொடுத்த விலையை இந்த வரலாற்றிலிருந்து மறைக்கக் கூடாது. 1989இல் உலகத் தந்த வணிகத் தடை தீர்மானமான பிறகும் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தை மூடப்படவில்லை.

நீதிமன்றங்கள் முத்திரைக்கு எவ்வளவு எடை கொடுத்தன? 1964இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சொன்னது: பத்திரத்தில் இருப்பது ஒருவரின் சொந்த முத்திரைதான் என்றால், அவர் சம்மதத்தோடுதான் அது குத்தப்பட்டது என்று கொள்ளலாம், இல்லையென்றால் அவர்தான் காரணம் காட்ட வேண்டும். வீட்டில் அலமாரிக்குள் பூட்டி வைக்கும் பொருளாக முத்திரை ஆனதற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம். கைப்பட எழுதும் உயிலில் முத்திரைக்குப் பதில் விரல் ரேகை இருந்தாலும் போதும் என்று 1989இல் தீர்ப்பானது. ஆனால் 2016இல், ஒக்கினாவாவின் பழங்குடும்பம் ஒன்றில், காவோ வரைந்த உயில் வந்தபோது அதே நீதிமன்றம் அதை முத்திரையாக ஏற்க மறுத்தது. யோரிதோமோவின் ஆணைகளைத் தாங்கிய அந்தத் தூரிகைச் சின்னம் ஜப்பானிய அமைச்சரவைத் தாள்களில் இன்றும் புழங்குகிறது. உயிலில் முத்திரையின் இடத்தை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை.

பிறகு 2020 வந்தது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன அரசின் வேண்டுகோளை மீறி, காகிதத்தில் முத்திரை குத்துவதற்காக மட்டும் ஊழியர்கள் ரயிலேறி அலுவலகம் போனார்கள். நாடு பொறுமை இழந்தது. அந்த ஆண்டு நவம்பரில், நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ கணக்கை வெளியிட்டார். அரசு நடைமுறைகளில் முத்திரை கேட்பவை 14,992. அவற்றில் தொடரப்போவது 83 மட்டும். யமனாஷி ஆளுநர் வெளிப்படையாகவே கொதித்தார். தன் மாவட்டத்துக் கைவினைஞர்களின் பிழைப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆனாலும் சட்டங்கள் திருத்தப்பட்டன. 2021 செப்டம்பர் முதல், திருமணப் பதிவுத் தாளிலும் மணவிலக்குத் தாளிலும் முத்திரை கட்டாயமில்லை.

அந்த 83இல் பெரும்பாலானவை எவை என்று பார்த்தால், தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கிறது. நகராட்சியில் பதிவான முத்திரையோ, வங்கியில் கொடுத்து வைத்த முத்திரையோ கேட்கும் நடைமுறைகள் அவை. கடையில் நூறு யென்னுக்குக் கிடைக்கும் ஆயத்த முத்திரையைக் குத்தினால் போதும் என்றிருந்த ஆயிரக்கணக்கான நடைமுறைகள் ஒரே வீச்சில் போயின. அவற்றுக்குப் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் பதிவும் இல்லை. யார் வேண்டுமானாலும் குத்தியிருக்கலாம். ஒப்பிட ஏடு இருந்தவை மட்டும் பிழைத்தன.

நகமாரோவின் முத்திரை தோற்றதும் இதனால்தான். வெண்கலம் அவர் கையில் இருந்தது. அதை ஏற்கலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை கோகெனிடம் இருந்தது. கிஷோ கிராமத்தான் புலியை நம்பியது, ஒப்பிட்டுப் பார்க்கும் தாள் தன் ஊரில் இருந்ததால். முத்திரையின் பலம் தங்கத்திலோ தந்தத்திலோ ஒருநாளும் இருந்ததில்லை. அதைச் சரிபார்க்க ஓர் ஏடும், அந்த ஏட்டை நேர்மையாகக் காக்கும் ஆட்களும் இருந்த வரையில்தான் முத்திரைக்கு உயிர். கடவுச்சொல்லும் மின்னணுக் கையொப்பமும் முத்திரையின் இடத்துக்கு வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அந்த விதி மாறவில்லை.

அடுத்த அத்தியாயத்தில் கொரியா. போரில் களவுபோய், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய அரச முத்திரைகளின் கதை.

(தொடரும்)